மதினி வீட்டுப் பிடியரிசி

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு பால்பவுடர் டப்பா இருக்கிறது. அண்ணன் வளைகுடாவிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தது. மேலே அரபி எழுத்து. பசுமாட்டுப் படத்தின் முன்பாதி தேய்ந்துபோய்ப் பின்னங்கால்களும் வாலும் மட்டும் மிச்சம். மூடியில் ஒட்டிய வெள்ளைத் தாளில் நீல மையில் ‘7’ என்று எழுதியிருக்கும். எழுதியது நான்தான். எழுதிய நாள் என் நாட்குறிப்பில் இருக்கிறது. பத்தொன்பது வயதிலிருந்து நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்ததா, யார் வந்தார்கள், என்ன வாங்கினோம், பூசைக்குப் போனோமா என்று நாளுக்கு ஆறு வரி. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது பழக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு வரியைத்தான் அடித்திருக்கிறேன். அந்த வரியும் இந்த டப்பாவும் ஒரே ஆளைப் பற்றியவை. அண்ணனின் மனைவி, என் மதினி.

எங்கள் தெருவில் பதினெட்டுக் கிறிஸ்தவ வீடுகள். ஆவூர்ப் பக்கத்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள். பதினெட்டும் சேர்ந்து ஓர் அன்பியம். வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு வாசகம் வாசித்துச் செபித்து, சுண்டலோ தேநீரோ சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். தலைவி, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். செயலர் நான். இலுப்பூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் நோட்டு எழுதத் தெரிந்த ஆள் என்று என்னைப் போட்டார்கள். அன்பியத்தில் எங்களுக்குள்ள முக்கியமான வேலை பிடியரிசி. வேளாவேளைக்கு உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன்னால், ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். வீட்டில் ஓர் ஆள் கூடுதலாகச் சாப்பிட உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வது. அந்த ஆள் சேசு என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், வீட்டு எண் எழுதிய எல்லா டப்பாக்களும் கோயில் வராந்தாவுக்கு வரும். நான் படியால் அளந்து சாக்கில் கொட்டுவேன். படியை அரிசியில் முக்கி எடுத்து, விரலால் மேலே தட்டிச் சமன்செய்து, தலைதட்டி அளப்பேன். குவித்து அளந்தால் கணக்கு நிற்காது. அன்று மாலையே முடையில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு அந்த அரிசி போய்ச் சேரும். எந்த வீடுகள் என்பது டீச்சருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இதில் ஒரு தகராறு வந்தது. ஒரு வீட்டார் மாதம் முழுக்க ஒரு டம்ளர் அரிசி போட்டுவிட்டு, அந்த மாதமே பத்துப் படி வாங்கிக்கொண்டார்கள் என்று பேச்சானது. பேச்சு முற்றி இரண்டு பெண்கள் கோயில் வாசலிலேயே முகம் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுபோனேன். ‘அரிசி கொடுக்கும் வீட்டுக்கு அரிசி இல்லை. அரிசி வாங்கும் வீடு கொடுக்க வேண்டியதில்லை.’ இரண்டே வாக்கியம். எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. டீச்சர், “எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க,” என்றார். அந்தப் பாராட்டையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

மதினி அதிகம் பேசாதவர். பேசினால் குரலில் ஒரு மெல்லிய கேலி இருக்கும். கேலியா இல்லையா என்று நாம் முடிவெடுப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விடுவார். அண்ணன் ஏசி மெக்கானிக்காக ஒன்பது ஆண்டுகள் வளைகுடாவில் இருந்தான். தெருவில் முதலில் டைல்ஸ் போட்ட வீடு அவனுடையதுதான். எல்லா வீட்டிலும் பிடியரிசிக்கு ஊறுகாய்ப் பாட்டில், பிஸ்கட் டின் என்று சின்னதாக ஏதாவது இருக்கும். மதினி அந்தப் பெரிய பால்பவுடர் டப்பாவை எடுத்து வைத்தார். இரண்டு வேளையும் போடுவார். மாதக் கடைசியில் விளிம்புவரை நிற்கும். பிடியைப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பதை என் மனைவி பார்த்திருக்கிறாள். முடித்ததும் வழக்கமாக ஒன்று சொல்வாராம். “எடுத்து வச்சாச்சு. இனி அவரு பாடு.” அவர் என்பது ஆண்டவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதைத்தான் சொல்வார். நான் அதை ஒரு பேச்சுப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு வசதி வந்த புதிதில் அவன் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுக் குடும்ப அட்டையை அரிசி இல்லாத சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொண்டான். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். “ரேசன் அரிசியத் திங்கவாடா நான் அந்தப் பாலைவனத்துல கெடக்கேன்?” என்று என் தோளைத் தட்டிச் சிரித்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவன் வளைகுடாவுக்குப் போய் ஒன்பதாம் ஆண்டு, ஜூன் மாதம் என் மூத்த மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருந்தது. முதன்முறையாக அண்ணனிடம் உதவி கேட்டேன். போனில் “இப்ப முடியாதுடா,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். காரணம் சொல்லவில்லை. ‘அண்ணன் கைவிரித்தான்’ என்று அன்றைய வரி முடிகிறது. மகளைக் கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டேன். அதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த டைல்ஸ் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று இறுகிக்கொண்டது. அண்ணன் கடல் தாண்டி இருந்தான். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவர் மதினி.

ஆகஸ்டு முதல் ஞாயிறு மதினியின் ஏழாம் எண் டப்பாவைத் திறந்தபோது அரிசி மாறியிருந்தது. எப்போதும் பொன்னி இருக்கும். இது ரேஷன் கடைக் குண்டரிசி. மூடியைத் திறந்ததும் அந்த மக்கின வாடை வந்தது. செப்டம்பரில் குண்டரிசியோடு நொய்யும் கலந்திருந்தது. நான் ஒழுங்காக யோசித்தேன். அதுதான் என் குறை, ஒழுங்காக யோசிப்பது. மதினி வீட்டு அட்டை சர்க்கரை அட்டை. அந்த வீட்டுக்கு ரேஷன் அரிசி வராது. ஆகவே வேறு யாரிடமோ மலிவாக வாங்கியிருக்கிறார். எதற்கு வாங்கியிருப்பார்? பிடியரிசி டப்பாவில் போடுவதற்கு. வீட்டில் பொன்னியைப் பொங்கித் தின்றுகொண்டு, ஆண்டவர் பங்குக்கு மட்டும் குண்டரிசி. இந்த முடிவில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. அந்த வீட்டில் இப்போது அதைத்தான் பொங்குகிறார்களோ என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. என் மனைவிக்கு ஏதோ பட்டிருக்கிறது. “அக்கா ரொம்ப எளைச்சுப் போயிட்டாங்களே, பாத்தீங்களா?” என்றாள். “சுகர் இருக்கும், டெஸ்ட் எடுக்கச் சொல்லு,” என்றேன்.

அக்டோபர், செபமாலை மாதம். தினமும் மாலையில் ஒரு வீட்டில் செபமாலை நடக்கும். முதல் ஞாயிறு டப்பாவில் மறுபடியும் நொய் கலந்த குண்டரிசியைப் பார்த்துவிட்டு, அன்று மாலை டீச்சர் வீட்டுக் கூட்டத்தில் பேசினேன். பெயர் சொல்லவில்லை. நாம் உண்பதையே ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டும், கழித்ததைக் கொடுக்கக் கூடாது, கொடுக்க மனமில்லாவிட்டால் கொடுக்காமலே இருக்கலாம் என்று நோட்டைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன். பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஏழாம் எண் டப்பா இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் என் காலடியில் இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், “டப்பா துபாய்லேர்ந்து, அரிசி ரேசன்லேர்ந்து,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் அடக்கினார். நான் அடக்கவில்லை, என் உதடும் விரிந்தது.

மதினி சிரிக்கவும் இல்லை, முகம் மாறவும் இல்லை. “சரி தம்பி,” என்றார். பிறகு செபமாலை தொடங்கியது. எனக்கு நேர் எதிரில் முழங்காலில் இருந்தார். மணிகளை நகர்த்தும் அவரது வலது கைக் கட்டைவிரல் நகம் கறுத்து, நடுவில் பிளந்து, மஞ்சள் தடவிய துணி சுற்றியிருந்தது. ஆள்காட்டி விரலின் நுனித்தோலும் உரிந்திருந்தது. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மதினி விரலைக் கதவில் நசுக்கிக்கொண்டார்போலும்’ என்று எழுதியிருக்கிறேன். கேட்கவில்லை.

நவம்பரில் டப்பா நிறையப் பொன்னி. மல்லிகை மொட்டுப்போல் ஒரே அளவான, கல் நெல் இல்லாத, புடைத்தெடுத்த அரிசி. எனக்கு வெற்றி. “இந்த மாசம் ஏழாம் நம்பர் அரிசி நல்லா இருக்கு மதினி,” என்று வராந்தாவில் நாலு பேர் முன்னால் சான்று கொடுத்தேன். “ஒங்களுக்குத் திருப்திதானே தம்பி,” என்று சொல்லிக் காலி டப்பாவை வாங்கிக்கொண்டார். அது கேலியா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே படியிறங்கிப் போய்விட்டார்.

இனி அந்த வரி. கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருந்தது. பண்டிகைக்குத் தனியாக ஒரு வசூல் உண்டு; சாதாரண மாதத்தைவிட இரண்டு பங்கு அரிசி சேரும். ஒரு சனிக்கிழமை பிற்பகல். என் மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மதினி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். மகளின் படிப்பை விசாரித்தார். மழை சரியில்லை என்றார். பிறகு கேட்டார்.

“கிறிஸ்மசு அரிசி யாருக்கெல்லாம் போகுது தம்பி?”

“அதச் சொல்லக்கூடாதுல்ல மதினி. அது வழக்கமில்ல.”

“இல்ல… டப்பா போடுற வீட்டுக்குக் கெடையாதுல்ல?”

“கிடையாது.”

“எப்பவுமே கெடையாதா?”

நான் நோட்டில் ஒரு பெயரை இன்னொரு பெயரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பிட ஒன்றும் இல்லை. “ஒரு வீட்டுக்குத் தளர்த்துனா பதினேழு வீட்டுக்குப் பதில் சொல்லணும் மதினி,” என்றேன்.

“அதுவுஞ் சரிதான்,” என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. “எடுத்து வச்சாச்சு. இனி அவரு பாடு.”

அவர் போனதும் நாட்குறிப்பை எடுத்து, ‘மதினி தனக்கே அரிசி கேட்க வந்தார்’ என்று எழுதினேன். அப்படி எழுதப்போகிறேன் என்று தெரியாமலே கை எழுதிவிட்டது. எழுதியதைப் பார்த்ததும் பயம் வந்தது. இந்த வரி உண்மையென்றால் நான் இப்போதே எழுந்து மதினி வீட்டுக்குப் போக வேண்டும். அக்டோபரில் பேசியதைத் திருப்பி விழுங்க வேண்டும். நானே எழுதிய தீர்மானத்தை நானே உடைக்க வேண்டும். இதையெல்லாம்விட உள்ளே ஒன்று இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. ‘இப்ப முடியாதுடா’ என்றவனின் வீட்டுக்கு ‘கிடையாது’ என்று சொன்னதில் எனக்கு ஒரு சின்ன நிறைவு இருந்தது. ஸ்கேலை எடுத்து அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே, ‘மதினி வந்து விசாரித்துப் போனார்’ என்று எழுதினேன்.

அண்ணன் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் திரும்பி வந்தான். முன்பெல்லாம் திருச்சி விமான நிலையத்திலிருந்து வாடகைக் கார், மேலே கட்டிய பெட்டிகள், தெரு முழுக்க சாக்லேட். இந்த முறை பகல் பதினொரு மணி பஸ்ஸில் ஒரு தோள்பையோடு இறங்கினான். கழுத்தெலும்பு தெரிந்தது. செய்தி கேட்டுப் போனேன். நடுக்கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனியில் பதின்மூன்று மாதம் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம். முகாமில் ஒரு வேளை ரொட்டி. யாரோ புண்ணியவான்கள் சேர்ந்து தூதரகத்துக்கு எழுதிப் போட்டு, ஒருவழியாக வெளியே வர முடிந்திருக்கிறது. ஜூனில் நான் போனில் பேசியபோது அவன் சாப்பிட்டு ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

“மதினி எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேண்ணே,” என்றேன்.

“நாந்தான் சொல்லக்கூடாதுன்னேன். வெளிநாட்டுக்காரன் பொண்டாட்டின்னு தலை நிமுந்து நடந்தவ. ஊர் சிரிக்கும்ல. கார்டை மாத்தி எழுதிக் குடுன்னு தாலுகா ஆபீஸ் போகக்கூட நான் ஒத்துக்கல, அங்க நம்ம ஊர் ஆளு இருப்பாங்கன்னு.” அண்ணன் மதினியின் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டினான். “வெரலப் பாருடா. மூணு மைல் தள்ளிப் போயி, தெரியாத ஊருல விதைக்கடலை ஒடச்சிருக்கா. படிக்கு இவ்வளவுன்னு கூலி. அந்தக் காசுல ரேசன் அரிசி வாங்கிப் பொங்கிப் பிள்ளைகளக் காப்பாத்தியிருக்கா.”

விதைக்குரிய நிலக்கடலையை மிஷினில் கொடுக்க மாட்டார்கள். பருப்பு உடைந்தால் முளைக்காது. நாள் முழுக்கக் கட்டைவிரலாலேயே நசுக்கி உடைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது. ஒரு மாலை முழுக்க அந்த விரலுக்கு எதிரில் நான் முழங்காலில் இருந்திருக்கிறேன்.

அண்ணன் நிறுத்தவில்லை. “இதுல ஒரு கூத்து கேளு. கோயிலுக்குப் போடுற அரிசி மட்டம்னு எவனோ ஒருத்தன் கூட்டத்துல பேசிட்டானாம். அதுக்காக அஞ்சு நாள் கூடுதலா கடலை ஒடச்சு, பொன்னி வாங்கி டப்பாவ ரொப்பியிருக்கா. வீட்டுக்கு நொய்யி, கோயிலுக்குப் பொன்னி. எவன்டா அவன்? நம்ம அன்பியத்துலதான?”

அந்தக் கேள்வி என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. மதினி அண்ணனிடம் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ‘நான்தான் அண்ணே’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். மதினி ஒரு தேநீர் டம்ளரை எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் வைத்தார். “சுடுது தம்பி, பாத்துக் குடிங்க,” என்றார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன். அண்ணன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அந்தத் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

புனித வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமாகச் சொல்கிற கோபம், பொறாமை, பூசைக்குத் தவறியது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னேன். சாமியார், “எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அவங்ககிட்டச் சொன்னீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அதுதான் ஒங்களுக்கு அபராதம். செபம் தனியா வேண்டாம்,” என்றார். ஐம்பத்து மூன்று மணி செபமாலையை நூறு தடவை சொல்லச் சொல்லியிருந்தால் மறுநாளே முடித்திருப்பேன்.

அந்த ஜூனில் அண்ணனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். சாமான் ஏற்றும்போது மதினி அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “நம்பர் நீங்க போட்டது. இங்கயே இருக்கட்டும்,” என்றார். அதில் குத்தல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. குத்தல் இருந்திருந்தால் வாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டரை ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். பொங்கலுக்குப் போகலாம், ஈஸ்டருக்குப் போகலாம், போனில் சொல்லக் கூடாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான காரணம் இருந்தது. சென்ற ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை திருச்சி போய்க் கோவை பஸ் ஏறினேன். பையில் அந்த ஆண்டு நாட்குறிப்பு மட்டும் இருந்தது. ஒரு மாடி வீட்டின் பின்பக்கம், ஓர் அறையும் அடுப்படியும். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான், பிள்ளைகள் பள்ளியில். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மதினி அடுப்பில் உலை வைத்திருந்தார். நான் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டு நாட்குறிப்பைத் திறந்து நீட்டினேன். மெல்லிய கோடுதான்; கீழே எழுத்து தெளிவாகத் தெரியும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தூரமாகப் பிடித்துப் படித்தார்.

“அன்னைக்கு நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் மதினி. தெரியாத மாதிரி இருந்துட்டேன்,” என்றேன். அத்தனை ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்ததில் இவ்வளவுதான் வந்தது.

“தெரியும் தம்பி,” என்றார். “நீங்க நோட்டயே பாத்தீங்க. எம் மூஞ்சியப் பாக்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்ல மதினி?”

“கேட்டேனே தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் நிறுவையைச் சரிசெய்து சொல்வதுபோலச் சொன்னார். நாட்குறிப்பை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் வந்ததும் அவனிடமும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் பேசிய அந்த ‘எவனோ’ நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். மதினி தலையை ஆட்டினார். “வேணாம். ஒங்களுக்குப் பாரம் எறங்கணும்னு அவரு தலையில ஏத்தாதீங்க. அவருக்கு இருக்கது ஒரு தம்பி. அது அப்பிடியே இருக்கட்டும்.” ஆக அந்தப் பாரம் என்னிடமே இருக்கிறது. இதை எழுதட்டுமா என்று போன வாரம் போனில் கேட்டேன். “பேரு போடாம எழுதுங்க. அவரு என்னைக்கு இதெல்லாம் படிச்சாரு,” என்று சிரித்தார்.

கோவையில் அன்று உலை கொதித்தது. மதினி முறத்தில் இருந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி, அலமாரியில் இருந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார். பிறகுதான் மீதி அரிசியைக் களைந்தார். இங்கே எந்தக் கோயிலில் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். கேட்பதற்கு வேறொன்றும் தோன்றவில்லை.

“இங்கிட்டு யாரும் வாங்குறதில்ல. வாடகைக்காரங்க, இன்னைக்கு இருப்போம், நாளைக்குப் போவோம். யாரு பேரு எழுதுவா?”

“அப்பறம் இந்த அரிசிய என்ன பண்ணுவீங்க?”

“மாசக் கடைசியில அரிசி தட்டுப்பாடாயிரும். அப்ப இத எடுத்துப் பொங்கிருவேன். எனக்குன்னு ஆண்டவரு எடுத்து வச்சதுதானேன்னு.” மூடியை அழுத்தி மூடினார். “நானே குடுத்து நானே வாங்கிக்கிறேன். தீர்மானத்துல எடமில்லதான்.”

இந்த முறை அது கேலிதான். அவர் எனக்கு இலை போட்டுச் சோறு வைத்தார். நிறைய வைத்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நினைத்துப் பார்த்தேன். பதின்மூன்று மாதம் கடவுளை நம்பியிருந்த ஒரு பெண்ணுக்குக் கடவுள் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும். அவர் செவிகொடுத்தார். முதல் ஞாயிறுதோறும் ஒரு சாக்கு அரிசியைக் கொண்டுவந்து, மதினி நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் வைத்தார். ஒரு தடவை இல்லை, மாதாமாதம் வைத்தார். படி என் கையில் இருந்தது. மதினி அவரை நம்பியதில் ஒரு பிழையும் இல்லை. கடவுள் என்னை நம்பியதுதான் பிழையாகப் போயிற்று.

பிப்ரவரிக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை எடுத்துவிடலாம் என்றேன். டீச்சர் காரணம் கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொல்லாமல், நான் செய்ததை மட்டும் சொன்னேன். அன்றைக்குத் துபாய் என்று கேலி பேசிய பெண், “நானுந்தானேண்ணே சிரிச்சேன்,” என்றார். நான் நோட்டை எடுத்து, இரண்டு வாக்கியத்தையும் அடித்தேன். ஸ்கேல் வைக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பிடியரிசியை மதினியின் டப்பாவில் போடுவது நான். மனைவி உலை வைத்ததும் கூப்பிடுவாள். மதினி கண்ணை மூடிக்கொண்டு என்ன முணுமுணுப்பார் என்று கடைசிவரை கேட்கவில்லை. அதனால் நான் ஒன்றும் சொல்வதில்லை, போட்டுவிட்டு மூடுகிறேன். ‘இனி அவரு பாடு’ என்று சொல்ல நா எழவில்லை. என் பாடு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு எண் பதினொன்று. டப்பாவின் மேலிருக்கும் ‘7’ தாளை நான் கிழிக்கவில்லை.

நேற்று முதல் ஞாயிறு. வராந்தாவில் டப்பாவைத் திறந்தேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வீட்டுப் பெண், ஏழாம் நம்பர் யாருடையது என்று கேட்டார். எங்க மதினி என்றேன். அவங்க வரலியா என்றார். கோயம்புத்தூரில் இருக்கிறார் என்றேன். “அப்ப இது யாரு போட்ட அரிசிண்ணே?” என்றார். நான் படியை முக்கி எடுத்தேன். மேலே அரிசி குவிந்து நின்றது. பழக்கத்தில் விரல் தட்டப் போயிற்று. விரலை மடக்கிக்கொண்டு, அப்படியே சாக்கில் கவிழ்த்தேன்.